கனடா பிரெய்ரி (புல்வெளிச் சமவெளி) சின்ன ஊர் மியூசியங்கள்: அப்பாவையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போகலாமோ?

வல்வைமகள் (ரீஜைனா)
ஜூன் 9, இரவு 10.14

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஊரிலயிருந்து வந்து நிக்கிறார். எழுபத்தாறு வயசு. கடை கடையா ஏறி இறங்கிறது அவருக்குப் பிடிக்காது. வந்து ஒரு கிழமைக்குள்ளயே "இஞ்ச இந்த வெளியையும் வானத்தையும் விட்டா வேற என்ன பிள்ளை இருக்கு?" எண்டு கேட்டுப்போட்டார். மூத்தவனுக்கு ஒன்பது வயசு, எந்த நேரமும் டைனோசர் கதைதான். சின்னவளுக்கு ஆறு.

ட்ரம்ஹெல்லரில இருக்கிற ரோயல் டிரெல் மியூசியத்துக்குப் போன வருசமே போயிட்டம். இந்த முறை பெரிய இடம் வேண்டாம். மூண்டு நாள் காரில தெற்கும் மேற்குமாச் சுத்தி, வழியில இருக்கிற சின்ன ஊர் மியூசியங்களைப் பார்ப்பம் எண்டு நினைக்கிறன். ஒன்பது வருசமா இந்த ஹைவேயில ஓடுறம். 'மியூசியம்' எண்ட பலகையைக் கண்டு ஒருநாளும் இறங்கினதில்லை. இறங்கிப் பார்க்கப் பெறுமதியோ? போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ.

கால்கரி குமரன்
ஜூன் 9, இரவு 11.02

சகோதரி, உள்ளதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆல்பர்ட்டாவுலயும் சஸ்காச்சுவான்லயுமா ஏழெட்டு பார்த்திருப்பேன். எல்லாத்துலயும் ஒரே சாமான்தான். கால் மிதி தையல் மெஷின், கிரீம் செபரேட்டர், இரும்பு அடுப்பு, பள்ளிக்கூட பெஞ்சு, பாடம் பண்ணின ஆந்தை. ஒன்னு பார்த்தா பத்து பார்த்த மாதிரி. போன ஆகஸ்ட்ல ஒரு ஊருக்கு அறுபது கிலோமீட்டர் கிராவல் ரோடுல போய்ப் பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பினோம். பையன் கார்லயே அழுதுட்டான்.

பத்து ஊர் சேர்ந்து ஒரே இடத்துல நல்லா வச்சா என்ன? கூரை ஒழுகாத ஒரு கட்டடம், சம்பளத்துக்கு ரெண்டு ஆள். வெஸ்டர்ன் டெவலப்மென்ட் மியூசியம் அப்படித்தானே நடக்குது? மூஸ் ஜா, சாஸ்கடூன், யார்க்டன், நார்த் பேட்டில்ஃபோர்டுன்னு நாலே இடம். சாஸ்கடூன்ல 1910ஆம் வருஷத்துத் தெருவையே கட்டடத்துக்குள்ள கட்டி வச்சிருக்காங்க. அங்க போங்க. டைனோசருக்கு ஈஸ்ட்எண்ட் போங்க. மத்ததை விட்டுடலாம்.

எலிவேட்டர் நிழல்
ஜூன் 10, காலை 6.40

வல்வைமகள் அக்கா, நான் சஸ்காச்சுவான் தென்பக்கம் ஒரு சின்ன ஊர்ல மருந்துக்கடையில வேலை பாக்குறேன். எட்டு வருஷமா இங்க மியூசியத்துக்கு வாலண்டியர். அதனால குமரன் சாருக்கு ஒரு பதில் சொல்லியே ஆகணும்.

கிரீம் செபரேட்டர் எல்லா ஊர்லயும் இருக்கு, உண்மை. எல்லாப் பண்ணை வீட்டுலயும் இருந்துச்சே! கைப்பிடியைச் சுத்தினா உள்ளே தட்டுத்தட்டா அடுக்கின கிண்ணம் வேகமாச் சுழலும். கனமான பால் ஓரத்துக்குப் போகும், லேசான கிரீம் நடுவுல சேரும். சுத்துற வேகம் போதலைன்னா கைப்பிடியில ஒரு மணி அடிச்சுக்கிட்டே இருக்கும், சரியான வேகம் வந்ததும் நின்னுடும். தினம் ரெண்டு வேளை கறந்து, சுத்தி, அந்தத் தட்டுகளை ஒவ்வொன்னாக் கழுவி வைக்கணும். கிரீமைக் கேன்ல ஊத்தி ரயில்ல அனுப்பினா வெண்ணெய் ஆலையிலருந்து செக் வரும். கோதுமைப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் மழை பெஞ்சாத்தான். கிரீம் செக் மாசாமாசம் வரும், பெரும்பாலும் வீட்டுப் பெண் கையில. மளிகையும் பிள்ளைகளுக்குச் செருப்பும் அதுலதான். 1930கள்ல பல வீடு பிழைச்சதே இதை வச்சு. நம்ம ஊர்ல பால் சொசைட்டிக்கு ஊத்தற அம்மாக்களைத் தெரிஞ்சவங்களுக்கு இதைப் புதுசா விளக்க வேண்டியதில்லை.

சாஸ்கடூன்ல இருந்தா அது ஒரு செபரேட்டர், அவ்வளவுதான். எங்க ஊர்ல இருக்கறது எந்த வீட்டுது, அந்த வீடு எந்த மேட்டுல இருந்துச்சு, சுத்தின பொண்ணு பின்னால எங்கே போனாங்கன்னு சொல்ல ஆள் இருக்கு. எனக்கு அதைக் காட்டினது தொண்ணூறு வயசுப் பாட்டி. "இது என் தோளைத் தின்ன மெஷின்"னு தொட்டுக் காட்டினாங்க. இதையெல்லாம் நகரத்துக்கு அனுப்பிட்டா சாமான் போகும், கூடவே வந்த பேச்சு போகாது.

பாக்கும்போது சாமான் அடியில சின்னதா எழுதியிருக்கற எண்ணைப் பாருங்க. 984.12.3ன்னு இருந்தா, 1984ல வந்தது, அந்த வருஷத்துப் பன்னிரண்டாவது நன்கொடை, அதுல மூணாவது பொருள். பல இடத்துல ஆண்டோட முதல் இலக்கத்தை விட்டுடுவாங்க. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டா, வாலண்டியர் பழைய பதிவேட்டை எடுத்து யார் குடுத்ததுன்னு படிச்சுக் காட்டுவாங்க. எங்க மியூசியத்துல அப்படிக் கேக்கறவங்க வந்தா எங்களுக்குத் திருவிழாதான்.

பூட்டு விஷயம்: பெரும்பாலும் மே கடைசியிலருந்து செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும்தான் திறப்போம். கோடை வேலைக்கு வர்ற மாணவர் இருந்தாத் தினமும், இல்லாட்டி வாரம் ரெண்டு மூணு மதியம். ஆனா கதவுல ஒரு போன் நம்பர் ஒட்டியிருக்கும். கூச்சப்படாம அடிங்க. கையில இருக்கற வேலையை வச்சுட்டு வந்து திறப்பாங்க. முந்தின நாளே கூப்பிட்டுச் சொல்லிட்டா இன்னும் நல்லது.

காரை அமோனைட்
ஜூன் 10, மதியம் 1.25

அரியலூர்க்காரன், இப்ப எட்மன்டன்ல. தொழில் நிலவியல். உங்க மூத்தவனுக்காக எழுதறேன்.

ஈஸ்ட்எண்ட் கட்டாயம் போங்க. 1991 ஆகஸ்ட் 16ஆம் தேதி அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் ராபர்ட் கெப்ஹார்ட், ரீஜைனா மியூசியத்துத் தொல்லுயிர் ஆய்வாளரோட ஃபிரெஞ்ச்மேன் ஆத்துப் பள்ளத்தாக்குல நடந்து போறப்ப ஒரு வால் எலும்பையும் பல்லோட ஒரு தாடைத் துண்டையும் பார்த்தார். அதுதான் ஸ்காட்டின்னு பேர் வச்ச டி-ரெக்ஸ் டைனோசர். 1994ல தோண்ட ஆரம்பிச்சாங்க. எலும்பைச் சுத்தி சிமென்ட் மாதிரி இறுகின பாறை, பிரிச்செடுக்கவே பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. கிட்டத்தட்ட 65 சதவீதம் எலும்பு கிடைச்சது. 2019ல வந்த ஆய்வு அதோட எடையை 8,800 கிலோவுக்கு மேல கணக்குப் போட்டுது. ரீஜைனாவுல நிக்கறது நகல். ஆய்வு நிலையம் ஈஸ்ட்எண்ட்லயே, மலைச்சரிவுக்குள்ள கட்டின கட்டடத்துல இருக்கு.

ஆனா எனக்கு அந்த ஊர்ல பெரிசாத் தோணினது வெளியில இருக்கற மண்ணு. மியூசியத்தைப் பார்த்துட்டு வெளிய வந்து எதிர்ச் சரிவைப் பாருங்க. கீழ் அடுக்கு டைனோசர் காலம். அதுக்கு மேல இருக்கறதுல டைனோசர் கிடையாது. 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால விண்கல் விழுந்து முடிஞ்ச கதையோட கோடு அந்தப் பக்கத்துக் குன்றுகள்ல ஓடுது. பெரிய மியூசியத்துல அதைப் படமாப் போட்டுக் காட்டுவாங்க. இங்க கார் நிறுத்தற இடத்துலருந்து ஒரு ஒன்பது வயசுப் பையனுக்குக் கைநீட்டிக் காட்டலாம்.

அதே மாதிரி ஆல்பர்ட்டா தெற்குல வார்னர்னு ஒரு ஊர். பக்கத்து டெவில்ஸ் கூலியில 1987ல வெண்டி ஸ்லோபோடாங்கற இளம்பெண் டைனோசர் முட்டை ஓடுகளைக் கண்டுபிடிச்சாங்க. 2015ல ஒரு கொம்பு டைனோசருக்கு வெண்டிசெராடாப்ஸ்னு அவங்க பேரையே வச்சாங்க. ஊர் மியூசியத்துல முட்டைகளைப் பார்க்கலாம். மூணு நாள்ல உங்களால முடியாது, அடுத்த கோடைக்கு வச்சுக்கோங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். புதைபடிவம் கண்ணுல பட்டா எடுக்க வேண்டாம். தேசியப் பூங்காவுக்குள்ள எதையும் எடுக்கக் கூடாது. ஆல்பர்ட்டாவுல நில உரிமையாளர் சம்மதத்தோட மேல்மண்ணுல கிடக்கறதை எடுக்கலாம், ஆனா நீங்க பாதுகாப்பாளர்தான், உரிமை அரசாங்கத்துக்கு. படம் எடுத்து, இடத்தைக் குறிச்சு மியூசியத்துக்கு அனுப்புங்க. நான் சின்ன வயசுல காரை கிராமத்து ஓடைகள்ல அமோனைட் (சுருள் சிப்பிப் புதைபடிவம்) பொறுக்கிப் பை நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்தவன். எந்த அடுக்குல இருந்து எடுத்தேன்னு ஒரு குறிப்பும் இல்ல. இன்னிக்கும் அதை நினைச்சா வருத்தமா இருக்கு.

பனிப்பொழுது (வின்னிபெக்)
ஜூன் 10, மாலை 5.50

மனிடோபா பக்கம் யாரும் சொல்லலையே. வின்னிபெக்லருந்து ஒன்றரை மணி நேரம் தென்மேற்கே மோர்டன். ஊர் விளையாட்டரங்கத்தோட கீழ்த்தளத்துல ஒரு புதைபடிவ மியூசியம். மேலே பசங்க ஹாக்கி ஆடிட்டிருப்பாங்க, கீழே பதிமூணு மீட்டர் நீளத்துல புரூஸ்னு ஒரு கடல் பல்லி, மோசசார் வகை. 1974ல கிடைச்சது. கின்னஸ்ல பதிஞ்சிருக்கு.

எப்படிக் கிடைச்சதுங்கறதுதான் அழகு. அங்க பென்டோனைட் களிமண் வெட்டுவாங்க. எரிமலைச் சாம்பல் கடலுக்கடியில படிஞ்சு களிமண்ணானது. அதை வெட்டறப்ப நடுவுல இருக்கற ஷேல் பாறையில எலும்பு எலும்பா வந்திருக்கு. 1970கள்ல உள்ளூர் மியூசியத்துக்காரங்க இயந்திரத்துக்கு முன்னால ஓடி ஓடிக் காப்பாத்தினாங்க. கோதுமை விளையற இந்தச் சமவெளி பூராவும் ஒரு காலத்துல ஆர்க்டிக்குக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் நடுவுல கிடந்த கடல்ங்கறதை நான் நம்பினது அந்தக் கீழ்த்தளத்துலதான். கோடையில ஒரு நாள் கூடவே போய்த் தோண்டறதுக்கும் சேர்த்துக்கறாங்க.

ஸ்டைன்பாக்ல மென்னோனைட்ங்கற கிறிஸ்தவப் பிரிவினரோட பழைய கிராமமும் நல்லா இருக்கும், காத்தாலை ஓடற நாள்ல போகணும்.

செம்பருத்தி
ஜூன் 10, இரவு 9.31

நான் சாஸ்கடூன்ல ஆசிரியை. எல்லாரும் சொன்னது சரி. இந்த மியூசியங்களை எனக்கும் பிடிக்கும். ஆனா உள்ளே போறப்ப ஒன்னைத் தேடிப் பார்க்கச் சொல்றேன்: முதல் பலகையில கதை எந்த வருஷத்துல தொடங்குது?

பல இடத்துல 1903, 1908ன்னு இருக்கும். "முதல் குடும்பம் வந்த ஆண்டு." அதுக்கு முன்னால ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்த பூர்வகுடிகள் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள்ள, சூரியன் மாதிரி வட்டமா அடுக்கின அம்பு முனைகளா மட்டும் இருப்பாங்க. எந்த வயல்லருந்து எடுத்ததுன்னு கூட எழுதியிருக்காது.

அடுத்த அறையில கதிரை அறுத்துக் கட்டாக் கட்டற பைண்டர், நீராவியில ஓடின கதிரடிக்கும் இயந்திரம். பெருமையாத்தான் வச்சிருக்காங்க, பெருமைப்படலாம். ஆனா அதே வருஷங்கள்ல, பூர்வகுடிகளுக்குன்னு ஒதுக்கின பக்கத்து ரிசர்வ் நிலத்துல கிரீ இனத்து விவசாயிகளும் கோதுமை போட்டாங்க. நல்லாவே போட்டாங்க. 1889ல ஹேட்டர் ரீட்ங்கற கமிஷனர் ஒரு கொள்கை கொண்டுவந்தார்: ரிசர்வ் விவசாயி இயந்திரம் வச்சுக்கக் கூடாது, கையால விதைக்கணும், அரிவாளால அறுக்கணும், ஒரு சின்ன துண்டு நிலமும் ஒன்னு ரெண்டு மாடும் போதும். முதல்ல 'குடியானவன்' ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு விளக்கம். தானியத்தை விக்க அரசாங்க ஏஜென்டோட பர்மிட் வேணும். 1885க்குப் பிறகு ரிசர்வை விட்டு வெளிய போகவும் பாஸ் வேணும். தங்கள் பணத்தைச் சேர்த்து வாங்கின இயந்திரங்களையே அவங்களால ஓட்ட முடியல.

இது தெரிஞ்ச நாள்லருந்து பைண்டர் பக்கத்துல நின்னா என் மனசு ரெண்டாப் பிரியுது. மாணவர்களைக் கூட்டிட்டுப் போறப்ப அங்கேயே நிறுத்தி இதைச் சொல்றேன்.

நேரம் இருந்தா சாஸ்கடூன் பக்கம் வனுஸ்கேவின் பூர்வகுடிப் பாரம்பரியப் பூங்காவுக்கு வாங்க. 2019 டிசம்பர்ல அங்க காட்டெருமைகளைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. அடுத்த கோடையில அதுங்க புரண்டு புல்லைத் தேய்ச்ச இடத்துல, பல காலமா மண்ணுக்குள்ள கிடந்த பாறைச் செதுக்கல் வெளிய வந்துது. விலா எலும்பு மாதிரிக் கோடு போட்ட கல். செதுக்கின கல் கத்தியும் பக்கத்துலயே கிடந்தது. இத்தனை வருஷம் அங்கேயே அகழாய்வு பண்ணின எர்னி வாக்கர்தான் முதல்ல பார்த்தவர்.

கால்கரி குமரன்
ஜூன் 11, காலை 7.15

செம்பருத்தி மேடம், இது எனக்குத் தெரியாது. நன்றி.

ஆனா இதுவே என் கேள்வியைப் பெரிசாக்குது. சம்பளம் இல்லாத நாலு முதியவங்ககிட்ட இவ்வளவு கனமான சரித்திரத்தைச் சொல்லுங்கன்னு கேக்கறது நியாயமா? ஆய்வாளர் இருக்கற பெரிய மியூசியம்தானே இதைப் பொறுப்பா எழுத முடியும்?

எலிவேட்டர் நிழல்
ஜூன் 11, இரவு 8.20

நியாயமான கேள்வி சார். எங்க அனுபவத்தைச் சொல்றேன்.

எங்ககிட்டயும் அந்த வட்டச் சட்டம் இருந்துச்சு. நாலு வருஷம் முன்னால பக்கத்து ரிசர்வ்லருந்து ஒரு பெரியவர் பேரப்பிள்ளைகளோட வந்தார். சட்டத்து முன்னால ரொம்ப நேரம் நின்னார். ஒன்னும் சொல்லாமக் கிளம்பிட்டார். எங்க கமிட்டித் தலைவிக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. மறுவாரம் அவரைத் தேடிப் போனாங்க. மூணு கூட்டம் நடந்துது, ஒன்னுல குரல் உயர்ந்துது. கடைசியில சில பொருளைத் திருப்பிக் குடுத்தோம். மீதியைச் சட்டத்துலருந்து பிரிச்சு, எந்த வயல்லருந்து வந்ததுன்னு பழைய நன்கொடைக் கடிதங்களை வச்சுத் தேடி எழுதினோம். முதல் பலகையை அவர் பேத்திதான் எழுதினாங்க. கிரீ மொழியில மேலே, ஆங்கிலம் கீழே. ஆய்வாளர் வந்து எழுதியிருந்தா இன்னும் திருத்தமா இருந்திருக்கலாம். ஆனா எங்க தலைவி குடும்பமும் அந்தப் பெரியவர் குடும்பமும் முப்பது கிலோமீட்டர் தூரத்துல எழுபது வருஷமா இருந்தும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போனதில்ல. இப்ப போறாங்க.

எல்லா ஊர்லயும் இப்படி நடக்கலன்னு எனக்குத் தெரியும். நடக்கணும்னா மியூசியம் அந்த ஊர்ல இருக்கணும்.

இன்னொன்னு. தானிய எலிவேட்டர் (ரயில் பாதை ஓரத்துல தானியம் சேத்து வைக்கற உசந்த மரக் கட்டடம்) கண்ணுல பட்டா நிறுத்துங்க. குதிரை வண்டியில கோதுமை ஏத்திட்டு ஒரே நாள்ல போய்த் திரும்பற தூரத்துல ஒவ்வொன்னா நட்டாங்க, அதனாலதான் ரயில் பாதையில பத்துப் பதினஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு ஊர். பலகையைப் படுக்கை வசமா ஒன்னு மேல ஒன்னு அடுக்கி ஆணி அடிச்ச சுவர். தானியம் பக்கவாட்டுல தள்ளற பலத்துக்கு அதுதான் தாங்கும். 1930கள்ல பிரெய்ரி பூரா ஐயாயிரத்துக்கும் மேல இருந்துச்சு. 1995ல ரயில் கட்டணச் சலுகை நின்னதும் கிளைப் பாதைகளை மூடினாங்க, மரக் கட்டடங்கள்ல பெரும்பாலானதை இடிச்சாங்க. மனிடோபா இங்லிஸ்ல மட்டும் அஞ்சு வரிசையா நிக்குது. எங்க ஊர்து விழுந்த அன்னிக்கு நான் இங்க இல்ல. இன்னும் அந்தத் தேதியை எல்லாரும் சாவு நாள் மாதிரிச் சொல்றாங்க.

மறக்காம: சின்னவ பாடம் பண்ணின மிருகங்களைத் தொடாமப் பாத்துக்கோங்க. 1970கள் வரைக்கும் தோலைப் பூச்சி அரிக்காம இருக்க ஆர்செனிக் தடவுவாங்க. கண்ணாடிக்கு வெளிய இருக்கறதையும் தொட வேண்டாம்.

வல்வைமகள்
ஜூலை 8, இரவு 9.47

போய்ட்டு வந்திட்டம்! எல்லாருக்கும் ஆறுதலா எழுதவேணும் எண்டு காத்திருந்தன்.

ஈஸ்ட்எண்டில மகன் ஸ்காட்டியைவிட எதிர்ச் சரிவைத்தான் கனநேரம் பார்த்தான். "அம்மா, அந்தக் கோட்டுக்கு மேல ஒண்டுமே இல்லையோ?" எண்டு மூண்டு தரம் கேட்டான். காரை அமோனைட் அண்ணை, உங்களுக்கு நன்றி. கிராஸ்லண்ட்ஸ் பூங்காவில பிரெய்ரி டாக் எண்ட அணில் சாதிப் பிராணியின்ர வளையளுக்குப் பக்கத்தில சின்னவள் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தாள். வழியில ஒரு ஊரில கதவு பூட்டு. நம்பருக்கு அடிச்சன். பதினைஞ்சு நிமிசத்தில ஒரு அம்மா கை முழுக்க மாவோட வந்து திறந்தா. செபரேட்டரின்ர கைப்பிடியை மகளிட்டக் குடுத்தா. மணி நிக்கும்வரை சுத்தினாள்.

ஆனா நான் எழுத வந்தது அப்பாவைப் பற்றி. மூஸ் ஜாவுக்குத் தெற்கால பதின்மூண்டு கிலோமீட்டரில சுகானன் கப்பல் மியூசியம். இதை இஞ்ச ஒருத்தரும் சொல்லேல்லை, தற்செயலா நிண்டது. பின்லாந்திலயிருந்து வந்த டொம் சுகானன் எண்ட விவசாயி 1930களில, கடலே இல்லாத இந்த நிலத்தில, தனி ஆளாக் கட்டின கப்பல். துண்டு துண்டா ஆத்துக்கு இழுத்துக்கொண்டுபோய், சவுத் சஸ்காச்சுவான் ஆத்தால ஹட்சன் குடாவுக்கு இறங்கி ஊருக்குப் போறது அவரின்ர எண்ணம். இருபத்தைஞ்சு கிலோமீட்டருக்கு மேல தூரம், தானே இழுத்தார். முடியேல்லை. 1943இல மனநல மருத்துவமனையில செத்துப்போனார். பிறகுதான் கப்பலை இந்த மியூசியத்துக்குக் கொண்டுவந்து நிமித்தினவை. அவரையும் கப்பலுக்குப் பக்கத்தில அடக்கம் செய்திருக்கினம்.

அப்பா வல்வெட்டித்துறை. அவரின்ர தகப்பன் பாய்க்கப்பலில போன ஆள். எங்கட ஊரில 1930இல கட்டின அன்னபூரணி, எங்கட ஆக்களோட 1938இல அமெரிக்காவில குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தம். அதே வருசங்களில இந்த மனுசன் இஞ்ச கோதுமைக்குள்ள கப்பல் கட்டியிருக்கிறார்.

அப்பா ஒரு கதையும் கதைக்கேல்லை. அணியத்திலயிருந்து பின்பக்கம் வரை ரெண்டு தரம் சுத்தி வந்தார். குனிஞ்சு கப்பலின்ர அடிமரமான ஏராவைப் பார்த்தார். பொருத்துகளை விரலால தடவப் போய், கையைப் பின்னால கட்டிக்கொண்டார். பிறகு என்னட்ட, "கலப்பத்துக்கு என்ன வைச்சவர் எண்டு அந்த ஐயாவிட்டக் கேள்" எண்டார். கேட்டன். அங்க நிண்ட வாலண்டியர் ஐயாவுக்கு என்னுடைய மொழிபெயர்ப்பு விளங்கேல்லை. அப்பா ஒரு தாளில பலகைப் பொருத்தைக் கீறி, அதுக்குள்ள நாரை வைச்சு அடிக்கிறதைக் கீறிக் காட்டினார். அந்த ஐயா கண்ணாடியைப் போட்டுப் பார்த்திட்டு, அப்பாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கப்பலுக்கு மற்றப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நான் பிள்ளையளோட வெளியில நிண்டன். முக்கால் மணித்தியாலம் ரெண்டு பேரும் வரேல்லை.

கால்கரி குமரன்
ஜூலை 8, இரவு 10.30

அந்தத் தாள் எங்க இருக்கு?

வல்வைமகள்
ஜூலை 8, இரவு 10.41

அந்த ஐயா வாங்கி வைச்சிட்டார். அப்பாவின்ர பேரையும் ஊரையும் பின்னுக்கு எழுதச் சொல்லி, தேதியும் போட்டவர்.